கட்லா வாய் கிழிந்து தப்பிக்கிறதா? ராடிலிருந்து கைவலை வரை எங்கே கோளாறு என்று பார்ப்போம்

கட்லா மாட்டியது, ராடு வளைந்தது, பத்து விநாடி ரீல் கத்தியது, அப்புறம் பார்த்தால் தூண்டில் நரம்பு தொய்ந்து காற்றில் ஆடுகிறது. இது ஒரே நாளில் மூன்று தடவை நடந்தால் பெரும்பாலானவர்கள் அடுத்த நாள் கடைக்குப் போய் இன்னும் தடித்த ராடும் இன்னும் கெட்டியான நரம்பும் வாங்கி வருகிறார்கள். நானும் இரண்டு வருடம் அதைத்தான் செய்தேன். தப்பிக்கும் மீன் கூடியதே தவிர குறையவில்லை. காரணம், அங்கே நரம்பு அறுந்துபோகவில்லை. கிழிந்தது மீனின் வாய்.

விராலை வைத்துத் தூண்டில் பழகியவர்களுக்கு இது புரியக் கொஞ்ச நாள் ஆகும். விராலுக்குத் தாடை எலும்பு, பல் எல்லாம் உண்டு. தவளை இரையை அது கவ்வியதும் பலமாகச் சுண்டினால்தான் தூண்டில் முள் இறங்கும். கட்லா, ரோகு, மிர்கால், சாதாக் கெண்டை எல்லாம் கெண்டை இனம். இவற்றுக்குத் தாடையில் பல் கிடையாது, அரைக்கும் பல் தொண்டைக்குள் இருக்கிறது. வாயைக் குழாய் மாதிரி முன்னால் நீட்டி, தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சுகிற மீன்கள். அப்படி நீட்டுவதற்காகவே உதட்டுக்குப் பின்னால் மடிந்து விரியும் மெல்லிய தோல் இருக்கிறது. முள் அந்தத் தோலில் ஏறினால் ஈரத் துணியில் குண்டூசி குத்திய மாதிரிதான், மெதுவாக இழுத்தால் நிற்கும், வெடுக்கென்று இழுத்தால் துளை பெரிதாகிக்கொண்டே போகும்.

கட்லாவும் ரோகுவும் மிர்காலும் கங்கைப் பக்கத்து மீன்கள். 1957-ல் ஹிராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சுரப்பிச் சாறை ஊசியாகப் போட்டு இவற்றை முட்டையிட வைத்த பிறகுதான் குஞ்சு எல்லா ஊருக்கும் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்தது. இன்று நம் ஏரியிலும் அணையிலும் இருப்பதில் பெரும்பங்கு இவைதான். ஆனால் கையில் இருக்கும் பழக்கம் இன்னும் விராலுக்கும் கெளுத்திக்கும் உரியதாகவே இருக்கிறது. அந்தப் பழக்கத்தை மாற்றாமல் எந்த ராடு வாங்கினாலும் பலன் இல்லை.

மீன் போனதும் முதலில் செய்ய வேண்டியது: முள்ளைப் பார்ப்பது

கோபத்தில் உடனே அடுத்த மாவை உருட்டாதீர்கள். முள்ளைக் கையில் எடுத்துப் பாருங்கள், பாதி விடை அங்கேயே இருக்கும்.

முள்ளில் வெள்ளையாக ஒரு துணுக்குத் தோல் ஒட்டியிருந்தால் வாய் கிழிந்திருக்கிறது. ராடு, டிராக் (மீன் இழுக்கும்போது ரீல் எவ்வளவு இறுக்கத்தில் வழுக்கி நரம்பை விடுகிறது என்பது), சுண்டிய வேகம் இந்த மூன்றில் ஒன்றில்தான் தவறு. செதில் ஒட்டியிருந்தால் அந்த மீன் வாயில் மாட்டவே இல்லை, வயிற்றிலோ முதுகிலோ குத்தியிருக்கிறது, அது வேறு பிரச்சினை, கீழே சொல்கிறேன். முள் வாய் விரிந்து நிமிர்ந்திருந்தால் கம்பி மெல்லியது, அல்லது டிராக் அளவுக்கு மீறி இறுக்கம். முள்ளே இல்லாமல் நரம்பின் நுனி பன்றி வால் மாதிரி சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கி அவிழ்ந்திருக்கிறது. நுனி சொரசொரவென்று இருந்தால் கல்லிலோ நத்தை ஓட்டிலோ தண்ணீருக்குள் நிற்கும் பழைய மரக்கட்டையிலோ உரசி அறுந்திருக்கிறது. முள் சுத்தமாக, கூர்மையாக, எதுவுமே இல்லாமல் வந்தால் பெரும்பாலும் நரம்பு தொய்ந்த ஒரு நொடியில் கழன்றிருக்கும்.

சுண்டியதும் ஒரு கனம், உடனே காலி

நான் அதிகம் பார்ப்பது இதுதான். விறைப்பான குட்டை ராடு, பின்னல் நரம்பு, அதோடு விராலுக்கு அடிக்கிற அடி. பின்னல் நரம்பு, அதாவது பிரெய்ட், கிட்டத்தட்ட நீளவே நீளாது. நைலான் நரம்பு அறுகிற நிலைக்கு வரும்போது நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல்கூட நீளும். முப்பது மீட்டர் தள்ளி இருக்கும் மீனுக்கும் உங்கள் கைக்கும் நடுவில் அந்த நீட்சிதான் மெத்தை. பிரெய்டில் மெத்தை இல்லை, விறைத்த ராடிலும் இல்லை, உங்கள் தோளின் முழு வேகமும் அந்த மெல்லிய தோலில் போய் இறங்குகிறது.

முதலில் கையை மாற்றுங்கள், அதற்குக் காசு செலவில்லை. தக்கை ஓடும்போது சுண்டாதீர்கள். ராடை எடுத்து, நரம்பில் இருக்கும் தொய்வைச் சுற்றி எடுத்து, மீனின் கனம் கையில் தெரிந்ததும் ராடைப் பக்கவாட்டில் ஒரே சீராக இழுங்கள். முள் கூராக இருந்தால் அது போதும். நக உச்சியில் முள்ளை லேசாக வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் மொட்டை. பிடித்தால் சரி.

அடுத்தது ராடு. பத்து அடியிலிருந்து பன்னிரண்டு அடி வரை நீளம், நடு உடம்பு வரை வளைகிற ராடு. கடையில் பாஸ்ட் ஆக்ஷன் என்று போட்டிருந்தால் நுனி மட்டும்தான் வளையும், அது இரையை உயிருள்ளது மாதிரி ஆட்டுவதற்கு நல்லது, இதற்கு வேண்டாம். மாடரேட் என்று போட்டிருப்பது நமக்குப் பொருந்தும். கார்பன் ராடுதான் உசத்தி என்று விற்பார்கள், லேசாக இருப்பதும் தூரம் போவதும் உண்மைதான், ஆனால் பழைய பைபர் கிளாஸ் ராடின் மந்தமான வளைவு இந்த மீன்களுக்கு எவ்வளவு பொருத்தம் என்று ஒரு தடவை பெரிய ரோகுவைப் போராடிக் கரை சேர்த்தால் தெரிந்துவிடும். கையில் காசு குறைவாக இருக்கிறவர்கள் தயங்காமல் பைபர் கிளாஸ் வாங்கலாம். நான் இன்றைக்கும் அணைக்குப் போகும்போது ஒன்று எடுத்துப்போகிறேன்.

லேபிளை நம்பாமல் வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி. முக்கால் லிட்டர் தண்ணீர் ஊற்றிய பாட்டிலை நரம்பின் நுனியில் கட்டி, ராடின் அடியைக் கிடையாகப் பிடித்துத் தூக்குங்கள். ராடின் நுனி நேராகத் தரையைப் பார்க்கும் அளவுக்கு வளைந்தால் அந்த ராடின் டெஸ்ட் கர்வ், அதாவது இப்படி வளைக்கத் தேவைப்படும் எடை, ஒன்றரை பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது என்று அர்த்தம், இரண்டு மூன்று கிலோ மீனுக்கு அருமையானது. ஒரு லிட்டர் வேண்டியிருந்தால் இரண்டு பவுண்டுக்குச் சற்று மேல், பெரிய கட்லா இருக்கும் அணைக்கு அதுவும் சரி. ஒரு லிட்டர் கட்டியும் மேலே ஒரு அடி மட்டும் வளைந்து மற்றது கம்பு மாதிரி நின்றால் அதை விராலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிரெய்டை மாற்ற மனம் இல்லாதவர்கள், பாசி அதிகமுள்ள ஏரியில் அதற்கு நியாயமும் உண்டு, முன்னால் எட்டு பத்து மீட்டர் நைலான் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம். முழு மெத்தை கிடைக்காது, ஆனால் வெறும் பிரெய்டுக்கு இது எவ்வளவோ மேல். மற்றவர்கள் 0.30 முதல் 0.35 மில்லிமீட்டர் நைலான் சுற்றினால் போதும்.

நன்றாக மாட்டுகிறது, முதல் ஓட்டத்திலேயே போய்விடுகிறது

டிராக். வேறு யோசனையே வேண்டாம், முதலில் டிராக்.

பலர் டிராக்கைக் கையால் நரம்பை இழுத்துப் பார்த்து வைக்கிறார்கள். ராடு நேராக இருக்கும்போது ரீலிலிருந்து இழுத்தால் லேசாகத்தான் வரும். மீன் மாட்டி ராடு வளைந்ததும் ஒவ்வொரு வளையத்திலும் நரம்பு உராய்ந்து இழுவை கூடிவிடும். அதனால் ராடை வளைத்து வைத்துத்தான் சோதிக்க வேண்டும். அதே பாட்டில் இதற்கும் உதவும். ஒரு லிட்டர் நிரப்பித் தரையில் வைத்து, ராடால் தூக்கப் பாருங்கள். பாட்டில் தரையை விட்டு எழும்பப் போகிற நேரத்தில் ரீல் வழுக்கி நரம்பு விடவேண்டும். அதாவது ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. நரம்பு ஐந்து கிலோ தாங்கும், ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்பார்கள். நரம்பு தாங்கும், உதடு தாங்காது.

எவ்வளவு இறுக்கம் என்பதோடு எப்படி வழுக்குகிறது என்பதும் முக்கியம். சில ரீல்கள் முதலில் ஒட்டிக்கொண்டு நின்று, பிறகு வெடுக்கென்று விடும், மறுபடி ஒட்டும். ராடின் நுனி படபடவென்று துடித்தால் அதுதான் அடையாளம். அந்த வெடுக்கு ஒவ்வொன்றும் துளையைப் பெரிதாக்குகிறது. டிராக் குமிழைக் கழற்றி உள்ளிருக்கும் வட்டுகளைத் துடைத்து, மண் இருந்தால் எடுத்து, அவற்றுக்கென்று விற்கும் கிரீஸ் கொஞ்சம் தடவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தேங்காய் எண்ணெய் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம், குளிரில் உறைந்து இன்னும் மோசமாக ஒட்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. மீன் நிறைய நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும்போது ஸ்பூலில், அதாவது ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளையில், இருக்கும் சுற்றின் விட்டம் குறைகிறது. குமிழைத் தொடாமலே இழுவை கூடும், சுற்று பாதி விட்டத்துக்கு இறங்கினால் இழுவை இரண்டு மடங்கு. அதோடு தண்ணீருக்குள் வளைந்து கிடக்கும் நீளமான நரம்பின் இழுவையும் சேரும். ஆகவே பெரிய மீன் தூரம் ஓடினால் டிராக்கை இறுக்குவது தவறு, கொஞ்சம் தளர்த்த வேண்டும். கை தானாக இறுக்கத்தான் போகும். அதைத் தடுக்கத்தான் பழக்கம் வேண்டும்.

டிராக் தளர்வு என்றால் அரை மணி நேரம் இழுத்தடிப்பது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வெயில் காலத்தில் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, களைத்துப்போன மீன் திரும்பிப் பிழைப்பது கடினம். மீன் ஓடும்போது விடுங்கள், நின்றதும் ராடைப் பக்கவாட்டில் சாய்த்துத் தலையைத் திருப்புங்கள். தொடர்ந்து அழுத்தம் இருக்கட்டும், வெடுக்கு மட்டும் வேண்டாம்.

பாதி தூரம் வருகிறது, தலையை உலுக்குகிறது, கழன்றுவிடுகிறது

இங்கே ராடைக் குறை சொல்வதற்கு முன் ஈயக் குண்டைப் பாருங்கள். தூரம் போகவேண்டும் என்று எண்பது, நூறு கிராம் குண்டை முள்ளுக்குச் சற்று மேலே அசையாமல் கட்டியிருந்தால், மீன் தலையை உலுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் குண்டு சுத்தியல் மாதிரி ஆடி முள்ளை நெம்புகிறது. குண்டு நரம்பில் ஓடும்படி இருக்கட்டும், எடையையும் பாதியாகக் குறையுங்கள். கட்லா பெரும்பாலும் மேல் தண்ணீரில் மேய்கிற மீன், வாயே மேல் நோக்கித்தான் இருக்கிறது. அதற்குத் தக்கை கட்டி நடுத்தண்ணீரிலோ அதற்கு மேலோ இரை நிற்கும்படி வைத்தால் குண்டே பெரிதாக வேண்டியதில்லை. அடித்தண்ணீரில் மேய்வது மிர்காலும் சாதாக் கெண்டையும்.

முள்ளின் கம்பியும் ஒரு காரணம். மெல்லிய கம்பி சுலபமாக இறங்கும் என்பது உண்மை, ஆனால் இறங்கிய பிறகு பாரம் ஏறும்போது கத்தி மாதிரி அறுக்கும். நடுத்தரக் கம்பி, வாய் அகலமான, தண்டு குட்டையான முள் நல்லது, அகலமாக இருந்தால் சதையை நிறையச் சேர்த்துப் பிடிக்கும். எண் 4 அல்லது 6 கொண்டு தொடங்கலாம், பெரிய கட்லாவுக்கு 2 (எண் குறைந்தால் முள் பெரிது). நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பல்லைக் குறடால் நசுக்கிவிட்டுப் பிடிப்பவர்கள் உண்டு, நானும் விடப்போகிற மீனுக்கு அப்படித்தான் செய்கிறேன். துளை சின்னதாக இருக்கும், எடுப்பதும் சுலபம். ஆனால் நரம்பு ஒரு நொடி தொய்ந்தாலும் மீன் போய்விடும். சுற்றும் கை இன்னும் பழகாதவர்கள் அந்தப் பல்லை விட்டுவைக்கட்டும்.

மீன் உங்களை நோக்கி ஓடி வரும்போதுதான் அந்தத் தொய்வு வருகிறது. அப்போது வேகமாகச் சுற்றுங்கள், போதவில்லை என்றால் கரையில் பின்னால் நடங்கள். ராடைத் தலைக்கு மேலே செங்குத்தாகத் தூக்காதீர்கள். வளைவு நுனிக்குப் போய்விடும், மெத்தை போய்விடும், கார்பன் ராடாக இருந்தால் ஒடிந்தும் போகும்.

முள்ளில் செதில் வருகிறது

ஸ்பிரிங் சுற்றிலும் மாவைப் பிடித்து ஐந்து ஆறு முள் தொங்கவிடும் கட்டு நம் ஊரில் மிகப் பிரபலம். மீன் மாவை உறிஞ்சும்போது ஏதாவது ஒரு முள் வாய்க்குள் போகும் என்பது கணக்கு. நடப்பது என்னவென்றால் ஒரு முள் வாயில் ஏறி, மீன் திரும்பும்போது இன்னொன்று செவுளிலோ கண்ணிலோ வயிற்றிலோ ஏறுகிறது, அல்லது வாயில் ஏறாமலே பக்கவாட்டில் குத்துகிறது. பக்கவாட்டில் மாட்டிய மீன் இரண்டு மடங்கு கனமாகத் தெரியும், தலையைத் திருப்ப முடியாது, கடைசியில் செதிலோடு சதை பிய்ந்து போகும். அந்தக் காயத்தோடு ஏரியில் அலைகிற மீன்களைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

ஸ்பிரிங்கை வைத்துக்கொள்ளுங்கள், மாவு கரைந்து மீனைக் கூட்ட அது தேவை. முள்ளை மட்டும் ஒன்றாகக் குறையுங்கள், மிஞ்சினால் இரண்டு. முள் கட்டும் நரம்பை ஒரு சாண் நீளத்துக்குள் வைத்து, முள்ளில் மாவைப் பொத்தாமல், முள்ளின் அடியிலிருந்து ஒரு சிறு நூல் தொங்கவிட்டு இரையை அதில் கட்டுங்கள், ஹேர் ரிக் என்பது அதுதான். முள் வெறுமனே இருப்பதால் மீன் இரையைத் துப்பப் பார்க்கும்போது கீழ் உதட்டின் நடுவில் ஏற வாய்ப்பு அதிகம். இந்த மீன்களின் வாயில் கெட்டியான இடமே அந்தத் தடித்த கீழ் உதடுதான். அங்கே ஏறிய முள்ளோடு தப்பித்த மீன் என் நினைவில் மிகக் குறைவு.

தக்கை ஆடுகிறது, எதுவும் மாட்டவில்லை

இரண்டு பக்கமும் பாருங்கள். மாவு கெட்டியாக இருந்தால் முள் அதைத் தாண்டி வெளியே வரவே முடியாது. மைதாவைக் குறைத்துத் தவிடும் கடலைப் புண்ணாக்கும் கூட்டுங்கள், தண்ணீரில் போட்டால் பத்து நிமிடத்தில் உதிர ஆரம்பிக்கவேண்டும். அது சரி என்றால், மேலே சொன்னதைக் கேட்டு ரொம்பவும் மெத்தென்ற ராடுக்குப் போய்விட்டீர்களோ என்று யோசியுங்கள். எழுபது மீட்டர் தள்ளிப் போட்டு, நைலான் நரம்பும் நீண்டு, ராடும் அடி வரை வளைந்தால் முள் இறங்கப் பலம் மிஞ்சாது. அவ்வளவு தூரம் போடுகிற இடத்தில் மட்டும் பிரெய்டும் முன்னால் நைலானும் சேர்ந்த கட்டு பயன்படுகிறது.

கரை வரை வந்து, கடைசி நொடியில்

மனசு ஒடிகிற இடம் இதுதான். கரையையோ கைவலையையோ பார்த்ததும் கட்லா கடைசியாக ஒரு முங்கு முங்கும். அப்போது வெளியே இருப்பது இரண்டு மூன்று மீட்டர் நரம்பு, அதில் நீட்சி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. இவ்வளவு நேரம் நீண்டு கொடுத்த நரம்பு இப்போது கம்பி. அதுவரை தாங்கிய துளையும் இழுபட்டுப் பெரிதாகியிருக்கும். ஆகவே மீன் பத்து மீட்டருக்குள் வந்ததும் டிராக்கைக் கால் சுற்று தளர்த்துங்கள். ஸ்பூலை விரலால் அழுத்திப் பிடிக்காதீர்கள்.

கைவலை இல்லாமல் இந்த மீன்களுக்குப் போகவே கூடாது என்பது என் கருத்து. வாய் அகலமாக, முடிச்சில்லாத வலையாக, பிடி இரண்டு மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், அணைக்கரைச் சரிவில் அந்த நீளம் இல்லாவிட்டால் எட்டாது. வலையைத் தண்ணீருக்குள் முக்கி அசையாமல் வையுங்கள். மீன் பக்கவாட்டில் சாய்ந்து தலை மேலே வந்ததும் ராடால் அதை வலைக்கு மேல் கொண்டுவந்து, அப்புறம் வலையைத் தூக்குங்கள். மீனைத் துரத்தி வலையை வீசினால் வலையின் விளிம்பு நரம்பில் தட்டும், அந்தத் தட்டு போதும் முள் கழல. கூட நிற்பவரிடம் வலையைக் கொடுத்தால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பதற்றத்தில் எல்லோரும் துரத்தத்தான் செய்வார்கள்.

பாலத்தின் மேலிருந்தோ மதகுச் சுவரிலிருந்தோ நரம்பைப் பிடித்து மீனைத் தூக்குவது அறவே வேண்டாம். தண்ணீருக்குள் எடையே தெரியாத மீன், வெளியே வந்ததும் முழு எடையோடு அந்தச் சின்னத் துளையில் தொங்குகிறது. இறங்க வழியில்லாத இடமாக இருந்தால் கயிறு கட்டி இறக்கும் வலை கொண்டுபோங்கள், இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள். இடம் எதுவானாலும் ஏரியை ஏலம் எடுத்தவரிடமோ மீன்வளத் துறையிடமோ அனுமதி கேட்டுக்கொண்டே உட்காருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் டிராக் குமிழை முழுக்கத் தளர்த்திவிட்டு ராடைச் சாத்தி வையுங்கள். இறுக்கியபடியே ஒரு மாதம் கிடந்தால் உள்ளே வட்டுகள் அழுந்தி ஒட்டிக்கொள்ளும். அடுத்த தடவை போவதற்கு முன்னால் பாட்டிலை ஒரு முறை தூக்கிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.